பின்படியில் உப்பு

மே 6

இந்த டயரி என் மனுசனுடையது. காப்புறுதி விற்கிற ஒருவர் வருசாவருசம் கொண்டுவந்து தருவது. சனவரி 13 வரை இவருடைய எழுத்து. அந்தப் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வெறும் தாள். "வீணாய்ப் போகுது மாமி, நீங்கள் எழுதுங்கோ. மனசுக்கு நல்லதாம்" என்று மருமகள் துவாரகா சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்புத்தான். எழுத்துப் பிழை பிடிக்கிற மனுசனும் போய்விட்டார். அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை மகன் நிரூபன், பின்வளவு டெக்கைக் கழற்றிவிட்டுக் கல் பதித்த முற்றம் போடப் போகிறேன் என்றான். இந்த ஸ்காபரோ வீட்டை வாங்கிய நாளிலேயே அது இருந்தது. பின்கதவைத் திறந்தால் பலகை மேடை, அதன் முடிவில் நாலு படி, பிறகு புல்.

"இன்னும் ரெண்டு வருசம் தாங்கும். இப்ப எதுக்கு?" என்றேன்.

"அம்மா, உதுதான் அப்பாவைச் சாகடிச்சது."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நான் கொத்தமல்லி ஆயப் போய்விட்டேன்.

மே 7

மழை. கத்தரிக்காய்ப் பால்கறி. அவன் சாப்பிடவில்லை.

மே 11

மூன்றாம் படிப் பலகை ஆடுகிறது என்று இவர் நிரூபனுக்கு இரண்டு கோடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "வாற சனிக்கிழமை அடிக்கிறன் அப்பா" என்பான். சனிக்கிழமை வரும், வேலை என்று ஓடிவிடுவான். சனவரி 13 காலை இவர் பின்படியில் விழுந்தார். தலையில் அடி. பதினாறாம் திகதி ஆஸ்பத்திரியில் முடிந்தது.

செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் நிரூபன் ஒரே கதையைத்தான் சொன்னான். "ஒரு ஆணி. ஒரு ஆணி அடிச்சிருந்தா அப்பா இருந்திருப்பார்." வந்தவர்கள் அவன் முதுகைத் தடவினார்கள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். யாரோ தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன்.

மே 20

சேவியர் என்று ஒருவர் அளவு எடுக்க வந்தார். மன்னார்ப் பக்கத்து ஆள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருசமாக இந்த வேலைதானாம். டெக்கில் ஏறி நின்று இரண்டு காலாலும் ஒரு உதை உதைத்தார். அது முனகியது.

"எலும்பெல்லாம் உக்கிப் போயிட்டுது அக்கா. பாருங்கோ, முழு மேடையும் படிப் பக்கமாச் சரிஞ்சு நிக்குது. கதவடியில ஒரு கோலிக்குண்டை விட்டா நேர மேல்படியில போய் நிக்கும்."

நிரூபன் சொன்னான், "அண்ணை, புதுசில படியே இருக்கக் கூடாது. எல்லாம் மட்டமா வேணும்."

"கதவு நிலத்தில இருந்து ரெண்டரை அடி உயரத்தில நிக்குது தம்பி. படி இல்லாட்டி அம்மா என்ன, பாயிறதோ?"

"அம்மா பின்பக்கம் வரத் தேவையில்லை."

"அப்ப ஆருக்கு முற்றம் போடுறியள், அணிலுக்கோ?"

நான் சிரித்துவிட்டேன். சனவரிக்குப் பிறகு முதல் சிரிப்பு. நிரூபன் சிரிக்கவில்லை. கடைசியில் அகலமான கல்லில் மூன்று படி, இரண்டு பக்கமும் கைபிடி என்று முடிவாயிற்று.

அளவு நாடாவைச் சுருட்டும்போது சேவியர் கேட்டார், "ஐயா எந்தப் படியில விழுந்தவர்?"

"மூண்டாம் படி" என்றான் நிரூபன்.

சேவியர் என்னைப் பார்த்தார். சும்மா பார்த்திருப்பார். நான் உள்ளே போய் அடுப்பை நிறுத்தினேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

யூன் 3

டெக்கில் கிடந்த சாமான்களை ஒதுக்கினேன். வெளி அடுப்பு, கியாஸ் சிலிண்டர், பொரிக்கிற தாச்சி, கறிவேப்பிலைத் தொட்டி. மீன் சமைப்பதெல்லாம் வெளியில்தான். வீட்டுக்குள் சமைத்தால் துவாரகாவின் கோட்டு வரைக்கும் மணம் ஏறி, வேலைத்தலத்தில் வெள்ளைக்காரி மூக்கைச் சுளிக்கிறாளாம். பாவம் அந்தப் பிள்ளை கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னது. ஆனால் எனக்கு அது ரோசம். அன்றிலிருந்து மீன் கழுவின தண்ணியைக்கூட குசினித் தொட்டியில் ஊற்றியதில்லை. சட்டியோடு பின்கதவைத் திறந்து வெளியில் ஊற்றுவேன்.

கோடையில் கம்பிவேலி ஓரம் வரை நடந்து போய்ப் புல்லில் ஊற்றுவேன். பனிக்காலத்தில் வீட்டுச் செருப்போடு யார் நடப்பது? கதவடியில் நின்றே வீசிவிடுவேன்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. நாளைக்குப் புட்டுக்கு மா வறுக்க வேண்டும்.

யூன் 9

டெக் போய்விட்டது. இரண்டு போர்த்துக்கீசரோடு சேவியர் ஏழு மணிக்கே வந்தார். மத்தியானத்துக்குள் பலகை எல்லாம் குவியல். இருபத்தொரு வருசம் மிதித்த பலகை.

நிரூபன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நின்றான். மூன்றாம் படிப் பலகையைக் கழற்றும்போது, "அதைக் குவியல்ல போடாதேங்கோ அண்ணை, எனக்குத் தாங்கோ" என்றான். வளைந்த ஆணியோடு வாங்கி கராஜுக்குள் கொண்டுபோனான். சேவியர் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

மேல்படியைத் தூக்கியபோது அதற்கு நேர் கீழே, சருகுக்குள், என் உப்புப் பேணி கிடந்தது.

நீல மூடி போட்ட பழைய பால்மாத் தகரப் பேணி. சனவரியிலிருந்து தேடுகிறேன். செத்தவீட்டுச் சந்தடியில் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்து வேறு வாங்கிவிட்டேன். மூடி தனியாகக் கிடந்தது. அரைப் பேணி உப்பு கல்லாக இறுகியிருந்தது.

"சமையல் உப்பு இஞ்சை எப்பிடி வந்தது அக்கா?"

எனக்கும் விளங்கவில்லை. மீன் பொரிக்கும்போது கொண்டுவந்து வைத்திருப்பேன் என்றேன். ஆனால் நான் மீனுக்கு உள்ளேயே உப்புப் போட்டுவிட்டுத்தான் வெளியே கொண்டுவருவேன்.

யூன் 10

பேணியைக் கழுவினேன். உப்பு கரைய இரண்டு மணித்தியாலம் ஆனது.

யூன் 12

கிடங்கு வெட்டிச் சரளைக் கல் கொட்டி ஒரு மெசினால் குத்தினார்கள். அலுமாரிக்குள் கோப்பை எல்லாம் ஆடியது. பிறகு சேவியர் நூல் கட்டினார். வீட்டுப் பக்கம் உயரம், வேலிப் பக்கம் தாழ்வு.

"ரசமட்டம் வச்சு மட்டமாப் போடுறதுதானே வேலை? நீங்கள் சரிவாய்க் கட்டுறியள்" என்று கேட்டேன்.

"மட்டமாப் போட்டா மழைத்தண்ணி நிக்கும் அக்கா. இந்த நாட்டில நிண்ட தண்ணி ஐஸ். உங்கட பழைய டெக்கில எல்லாத் தண்ணியும் மேல்படிக்குத்தான் போயிருக்கும். அந்தப் பலகையின்ர நிறத்தைப் பாத்தனீங்களோ? கறுத்துப் போய்க் கிடந்தது."

பிறகு குரலைக் குறைத்துச் சொன்னார், "மூண்டாம் படிப் பலகை ஆடினதுதான். ஆனா ஒரு மனுசனை விழுத்திற ஆட்டம் இல்லை. நான் எத்தினை பாத்திருக்கிறன். தம்பிக்குச் சொன்னன், கேக்கிறார் இல்லை. நீங்கள் சொன்னாக் கேப்பார்."

அவருக்கு இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி கூடிவிட்டது.

யூன் 15

இன்று இந்த ஊரில் தகப்பன்மாருக்கான நாளாம். துவாரகா ஆட்டுக்கறி காய்ச்சினாள். இவர் படத்துக்கு முன் படைத்தோம். நிரூபன் கும்பிட்டுவிட்டு எழும்பிக் கராஜுக்குப் போனான். வரவேயில்லை.

துவாரகா குசினியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமி, அவர் அந்தப் பலகையை மடியில வச்சுக்கொண்டு இருக்கிறார். ஒவ்வொரு நாளும். வேலையில இருந்து வந்து கார் நிப்பாட்டினா அரை மணித்தியாலத்துக்கு உள்ளுக்கு வாறேல்லை. நான் வேலையால பிந்துது எண்டுதான் நினைச்சன்."

"ஆறும் பிள்ளை."

"ஆறேல்லை மாமி. பிள்ளை வேண்டாம் எண்டுறார். 'அப்பாவைப் பாக்கத் தெரியாதவன் என்னத்தைப் பிள்ளையைப் பாக்கிறது' எண்டுறார். ஏழு வருசம் காத்திருந்திட்டு இப்ப இப்பிடிச் சொல்லுறார்."

அவள் அழுதாள். நான் கறிச் சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றேன். அடி பிடித்துவிட்டது.

யூன் 16

எழுதிவிடுகிறேன். எழுதினால் சொல்ல வருமோ பார்ப்போம்.

அன்று காலை விளைமீன் வெட்டினேன். கழுவின தண்ணியைக் கதவடியில் நின்று வீசினேன். சரியான குளிர், கதவை உடனே சாத்திவிட்டேன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு இவர் பின்பக்கம் போனார். எங்கே போறியள் என்று நான் கேட்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தின சத்தம். யன்னலால் பார்த்தேன். மேல்படியில் கால் மேலே போனது தெரிந்தது. மூன்றாம் படிக்கு அவர் போகவேயில்லை.

அம்புலன்சில் ஏற்றினார்கள். துவாரகா வந்து என்னைக் கூட்டிப் போகும்வரை தனியே நின்றேன். பின்கதவைத் திறந்தேன். மேல்படியில் கண்ணாடி மாதிரி. அதற்குள்ளே மீன் செதில்.

கேத்திலில் தண்ணி கொதிக்க வைத்து ஊற்றினேன். மூன்று கேத்தில், ஊற்ற ஊற்றத் துணியால் ஒட்டத் துடைத்தேன். அதன் பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அடுத்த நாள் நிரூபன் வந்து படியைப் பார்த்தான். ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு வந்தான். மூன்றாம் பலகை ஆடியதும் அப்படியே அதில் குந்திவிட்டான். நான் பின்கதவில் நின்றேன். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். அவர் கண் திறப்பார், பிறகு சொல்லுவோம் என்று நினைத்தேன். அவர் திறக்கவில்லை. பிறகு செத்தவீடு. பிறகு எட்டாம் நாள் சடங்கு. பிறகு முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் முடியட்டும் என்று இருந்தேன்.

யூன் 19

முற்றம் முடிந்தது. சாம்பல் நிறக் கல். கல்லுக்கிடையில் மண் தூவிக் கூட்டினார்கள். பின்னேரம் நிரூபன் வேலையால் வந்து அப்படியே அங்கே வந்து நின்றான்.

"அக்கா, ஒரு வாளி தண்ணி கொண்டாங்கோ. ஓட்டம் பாப்பம்" என்றார் சேவியர்.

"நீங்களே ஊத்துங்கோ தம்பி."

"வீட்டுக்காறர்தான் முதல் ஊத்திறது. அது என்ர வழக்கம். பிறகு தண்ணி நிக்குது எண்டு போன் எடுத்து ஏசேலாது பாருங்கோ."

வாளியைக் கொண்டுவந்து பின்கதவடியில் நின்றேன். அதே இடம். தூக்கிய வாளியைக் கீழே வைத்துவிட்டேன். வாளிப் பாரம் என்று சேவியர் நினைத்து ஏறி வரப் பார்த்தார். வேண்டாம் என்றேன். ஊற்றினேன்.

தண்ணி படியால் இறங்கி, கல்லில் விரிந்து, நேராக வேலிப் புல்லுக்குள் போய்விட்டது. ஒரு சொட்டு நிற்கவில்லை.

"நல்லா ஓடுது அண்ணை" என்றான் நிரூபன்.

"நிரூபன்" என்றேன். "அண்டைக்கும் இதில நிண்டு நான் ஊத்தினனான்."

"எண்டைக்கு?"

"அப்பா விழுந்த அண்டைக்கு. மீன் கழுவின தண்ணி. மேல்படியில உறைஞ்சு கிடந்தது. அவர் அதிலதான் சறுக்கினவர். மூண்டாம் படிக்கு வரேல்லை. நான் யன்னலால கண்டனான்."

சேவியர் கூட்டுமாற்றை எடுத்துக்கொண்டு தன் வான் வண்டிப் பக்கம் போய்விட்டார்.

"நான் பாக்கேக்கை ஐஸ் இருக்கேல்லையே."

"சுடுதண்ணி ஊத்தித் துடைச்சனான்."

அவன் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஈரம் காயும்வரை நின்றான்.

"அஞ்சு மாசம்" என்றான். கார் எடுத்துக்கொண்டு போனான்.

யூன் 20

பலகை குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆணியைப் பிடுங்கியிருந்தான். அதோடு அவன் முகம் இலேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

யூன் 24

என்னோடு பேசவில்லை. சாப்பாடு துவாரகா போட்டால் சாப்பிடுகிறான். அவள் எல்லாம் அறிந்துவிட்டாள். எனக்கு முன்னால் மெல்ல நடக்கிறாள். "அந்த மணத்துக்கு நான் சொன்னதாலதானே மாமி" என்றாள். இல்லைப் பிள்ளை என்றேன். பழியை ஒருத்தரிடமிருந்து எடுத்து இன்னொருத்தர் தலையில் வைக்க வேண்டாம் என்று சொன்னேன். அவளுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

யூன் 29

கீரைப் புட்டு. யாரோடும் பேச்சு இல்லை.

யூலை 5

இன்று மத்தியானம் நிரூபன் என் அறை வாசலில் வந்து நின்றான். பதினாறு நாளுக்குப் பிறகு.

"அப்பாவின்ர டயரியை ஒருக்காத் தாங்கோ."

"அது நான் எழுதிற கொப்பி."

"உங்கட பக்கம் வேண்டாம். அப்பான்ர பக்கம் மட்டும்."

ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கட்டிலில் இருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். அந்தப் பலகையைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறாரோ என்று பார்க்க வந்திருப்பான். கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிட்டது.

"அம்மா, இதை வாசிச்சனீங்களோ?"

"இல்லை. ஏலாமல் இருந்தது."

அவன் வாசித்தான். இவர் எழுத்து எப்போதும் இரண்டு வரிதான். காலையில் எழும்பினவுடன் குளிர் எத்தனை என்று எழுதுவார். மிச்சத்தைப் பின்னேரம் எழுதுவார்.

"சனவரி 4. மைனஸ் 11. சிலிண்டர் மாற்றினேன். மலர் தண்ணி ஊற்றின இடத்தில் உறையாமல் உப்புப் போட்டேன்.

சனவரி 7. மைனஸ் 9. பிரசர்க் குளிசை எடுத்தாச்சு. உப்புப் போட்டேன்.

சனவரி 10. மைனஸ் 14. இன்றைக்கு இறால். மேல்படியில் உப்புப் போட்டேன்.

சனவரி 12. மைனஸ் 15. உப்பு மூட்டை முடிந்தது. நாளைக்கு வாங்க வேணும். அதுவரைக்கும் குசினி உப்பே போதும்."

13ஆம் திகதிப் பக்கத்தில் "மைனஸ் 16" என்று மட்டும் இருந்தது.

பேணி எப்படி அங்கே போனது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு நாளும் பின்னால போய்ப் போட்டிருக்கிறார். ஏன் உங்களுக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?"

"சொன்னவர்" என்றேன்.

நாலு வருசத்துக்கு முன் ஒருநாள். "மலர், படியில ஊத்தாதையும், உறையுது" என்றார். மருமகள் ஒன்று சொல்லியாயிற்று, இப்போது இவருமா என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு சட்டி தண்ணியில நயாகரா வந்திடப் போகுதோ? வழுக்கினா நீங்கள் பாத்து நடவுங்கோ" என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுத்ததேயில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

நாலு பனிக்காலம் அந்த மனுசன் என் பின்னால் உப்போடு திரிந்திருக்கிறார். நான் ஒருநாள் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் நிரூபனுக்குச் சொன்னேன். அவன் டயரியை மூடி என் மடியில் வைத்தான். ரப்பர் வளையத்தைத் தன் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஓகஸ்ட் 17

துவாரகாவும் நிரூபனும் பின்முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்கள். உள்ளே இருந்து பார்த்தேன். அவள் ஏதோ சொல்ல அவன் தலையை ஆட்டினான். இல்லை என்றா, ஓம் என்றா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெரியவில்லை.

ஒக்டோபர் 3

சேவியர் வந்து கல்லைப் பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் சரியாம். "அக்கா, நீங்கள் மெலிஞ்சு போனியள்" என்றார்.

நவம்பர் 11

மைனஸ் 3. இந்த வருசத்தில் முதல் உறைவு.

காலையில் விளைமீன் வெட்டினேன். சனவரிக்குப் பிறகு இன்றுதான். கழுவி முடித்துச் சட்டியைத் தூக்கியதும் கால் தானாகப் பின்கதவுக்கு நடந்தது. கொக்கியில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அப்படியே நின்றேன். இந்தக் கையை என்ன செய்வது.

நிரூபன் வேலைக்கு வெளிக்கிட்டு வந்தவன் கண்டுவிட்டான்.

"சிங்குக்குள்ள ஊத்துங்கோ, அம்மா."

ஊற்றினேன். வீடு முழுக்க மணந்தது. துவாரகா வந்து யன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.

நிரூபன் அலுமாரியிலிருந்து நீல மூடிப் பேணியை எடுத்தான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்கதவால் இறங்கினான். மூன்று கல் படியும் காய்ந்துதான் கிடந்தன. ஒரு ஈரமும் இல்லை. மேல்படியில் குந்தி, ஓரத்திலிருந்து ஓரம் வரை, சோற்றுக்குப் போடுகிறமாதிரி விரலால் எடுத்து எடுத்துத் தூவினான். யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கடைசிவரை பார்த்தேன்.

தண்ணி ஊற்றவில்லை. உப்புப் போட்டான்.